அக்காவின் வலக்கை

எங்கள் அழைப்பை ஏற்று இன்று வீடு வந்திருக்கும் உறவினர்களுக்கும், கிடங்குத் தெருவாருக்கும், வெளியூரிலிருந்து வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் நண்பர்களுக்கும் என் வணக்கம்.

அக்கா நம்மைப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. அவரைப் பற்றி எழுதும் பொறுப்பை அவர் கணவர், என் மாமா, என்னிடம் ஒப்படைத்தார். நம் குடும்பத்தில் எழுதப் படித்தவன் நான் ஒருவன் என்பதே காரணம். ஆனால் எழுத உட்கார்ந்தால் எழுந்து நடக்கத் தோன்றுகிறது. ஜோலார்பேட்டையில் நான் குடியிருக்கும் அறைக்கு வெளியே ரயில் போகும் சத்தம் கேட்கும்போதெல்லாம் வாசல்வரை போய் நின்றுவிட்டு வருகிறேன். இந்தப் பழக்கம் அக்காவிடமிருந்து வந்தது. அவர் ஓரிடத்தில் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. சோறு தின்பதுகூட நின்றுகொண்டுதான். "உக்காந்து தின்னா அது வவுத்துக்குப் போய்ச் சேர நேரமாவும்" என்பார்.

அக்கா பிறந்தது திமிரிக்கு அருகே ஒரு சிற்றூரில். மழை பொய்த்து, கூலி வேலையும் அற்றுப்போன ஒரு வருடம், அப்பா குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு ஆம்பூருக்கு வந்தார். தோல் பதனிடும் கிடங்கில், தோலின் மயிரைக் கழற்றும் சுண்ணாம்புத் தொட்டியில் அவருக்கு வேலை கிடைத்தது. பாவாடை கட்டிய வயதிலேயே அக்கா பட்டைக் கொட்டகையில் சேர்ந்தார். அங்கே பெண்கள் வரிசையாக நின்று ஆவாரம்பட்டையை உலக்கையால் இடிப்பார்கள். இடித்த பட்டையை ஊறவைத்த தண்ணீரில்தான் மயிரும் சதையும் நீக்கிய தோல்கள் கிடந்து பதமாகும். பச்சைத் தோலை வெளியே போட்டுவைத்தால் அழுகும். பட்டைத் தண்ணீரில் போட்டால் இறுகிப் பழுப்பேறி, வருடக்கணக்கில் கெடாமல் நிற்கும். எங்கள் தெருவில் நடை பழகும் குழந்தைக்கும் தெரிந்த செய்தி இது. வெளியூர் நண்பர்களுக்காக விளக்கிச் சொன்னேன். அக்காவின் வாழ்க்கையில் பெரிய கண்டம் இந்த ஒரு செய்தியிலிருந்துதான் வந்தது.

நான் ஆம்பூரில் பிறந்தவன். நான் பால்குடி மறந்த கொஞ்ச நாளில் அம்மா காய்ச்சலில் போய்விட்டார். பிறகு எனக்கு அம்மா என்றால் அக்காதான். மாமாவும் சுண்ணாம்புத் தொட்டிக்காரர், அதிகம் பேசாதவர். அக்கா இரண்டு பேருக்குமாகச் சேர்த்துப் பேசுவார். அவர்களுக்குக் குழந்தை இல்லை. என்னைக் கிடங்கில் சேர்க்க வேண்டும் என்று அப்பா சொன்னபோது வீட்டில் நடந்த சண்டை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

"இவன் கை சுண்ணாம்புல வேவக் கூடாது" என்றார் அக்கா.

"இன்னா பேசற? நம்ம கையெல்லாம் வேவல? நாம சோறு தின்னல?"

"தின்னோம். கொழம்புல கைய வெச்சா எரியுதுன்னு நேத்து கத்தினது யாரு? பக்கத்து வூட்டுக்காரனா?"

அப்பா வெடித்துப் பிளந்த தன் விரல்களைப் பார்த்துக்கொண்டார். மறுநாள் நான் பள்ளிக்கூடம் போனேன். இன்று ரயில்வேக்காரர்களின் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்துப் பிழைக்கிறேன் என்றால், அந்தக் குழம்புச் சண்டையில் அக்கா ஜெயித்ததால்தான்.

நான் வேலூரில் உபாத்தியாயர் பயிற்சிக்குப் படித்துக்கொண்டிருந்த காலத்தில் அந்தக் கண்டம் வந்தது. பட்டை இடிப்பவர்களுக்குச் சிராய் ஏறுவது அன்றாடம். ஊக்கால் நெம்பி எறிந்துவிட்டு அடுத்த இடி இடிப்பார்கள். அக்காவுக்கு வலது உள்ளங்கையில், கட்டைவிரலின் அடியில் ஏறிய சிராய் நெம்பலுக்கு வரவில்லை. கை வீங்கிய பிறகும் சில நாள் உலக்கை பிடித்தார். பிடிக்க முடியாமல் போனதும் மாமா அவரை வேலூர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துவந்தார். எனக்குத் தெரிந்து எங்கள் தெருவிலிருந்து கத்தி வைத்துக்கொள்ள வேலூர் போன முதல் ஆள் அக்காதான். அதற்குமுன் ஆஸ்பத்திரி என்றால் போனவர் திரும்பாத இடம் என்றுதான் பேச்சு.

அறுவை சிகிச்சை செய்தவர் ஒரு டாக்டரம்மா. தெற்குச் சீமையைச் சேர்ந்தவர், சென்னப்பட்டணத்தில் படித்துப் பட்டம் பெற்றவர். மயக்க மருந்து கொடுத்து, உள்ளங்கையைக் கீறிச் சீழை வெளியேற்றி, சிராயையும் எடுத்தார். பிறகு புண்ணைத் தைக்காமல், அதன் வாயில் ஒரு துணித்திரியைச் செருகி வைத்தார். மேலே மூடினால் ஆறியதாகாது, அடியிலிருந்து ஆறி வரவேண்டும், அதுவரை திரி வழியாகக் கெட்ட நீர் வடியட்டும் என்று எங்கள் எல்லோருக்கும் விளங்கும்படி சொன்னார். கொஞ்ச நாள் அங்கேயே தங்கச் சொன்னார். அதுதான் அக்காவால் முடியவில்லை.

"ஒடம்பெல்லாம் நல்லாதான் இருக்குது. நோவுறது கை மட்டும். ஒரு கைக்காவ மொத்த ஆளும் படுத்துக்கணுமா?" என்று என்னிடம் கேட்டார்.

வார்டுக்குள் நடந்தார். தாழ்வாரத்தில் நடந்தார். பக்கத்துக் கட்டில்காரிகளின் போர்வைகளை ஒற்றைக் கையால் மடித்துவைத்தார். கடைசியில் டாக்டரம்மா, தினமும் உப்புப் போட்டுக் காய்ச்சிய தண்ணீரில் கழுவ வேண்டும், திரியை மாற்ற வேண்டும், கையைத் தொங்கவிடாமல் தூக்கியே வைத்திருக்க வேண்டும், மறுவாரம் வந்து காட்ட வேண்டும் என்ற நிபந்தனைகளோடு அனுப்பிவைத்தார். எல்லாவற்றுக்கும் அக்கா தலையாட்டினார்.

அதன்பிறகு வீட்டில் நடந்ததை மாமா சொல்லித்தான் நான் அறிந்தேன். கொட்டகைப் பெண்கள் அக்காவைப் பார்க்க வந்திருக்கிறார்கள். கட்டைப் பிரித்துக் காட்டியதும் ஒருவர், "ஐயோ, இன்னாக்கா இது, கதவத் தொறந்து போட்டா மாதிரி வுட்டு அனுப்பிக்கிறாங்க?" என்று கன்னத்தில் கைவைத்துக்கொண்டாராம். அக்காவுக்கும் அதே கவலைதான். ஆயுள் முழுக்கத் தோலோடு பழகியவர். தோல் திறந்து கிடந்தால் அழுகும் என்பது அவர் கண்ணால் கண்டது. திரியை உருவி எறிந்துவிட்டு, பட்டைத் தொட்டியிலிருந்து ஒரு சட்டி தண்ணீர் கொண்டுவரச் சொல்லி, அதில் கையை ஊறவைத்திருக்கிறார்.

"திரிய எடுக்கச் சொல்லலயே அவங்க" என்றாராம் மாமா.

"உனக்குச் சுண்ணாம்பு தெரியும், அத்தோட நிறுத்து. பட்டை என் இலாகா."

கை நன்றாகத்தான் தேறுவதுபோல் தெரிந்ததாம். புண்ணின் ஓரங்கள் சுருங்கி ஒட்டின. உள்ளங்கை பழுப்பாகி இறுகியது. வருகிறவர்களிடமெல்லாம் அக்கா கையை நீட்டிக் காட்டினார். டாக்டருக்குத் தெரியாத மருந்து நம் தொட்டியில் இருக்கிறது என்று தெருவே சந்தோஷப்பட்டது. அந்தச் சந்தோஷம் அடங்குவதற்குள் குளிர்காய்ச்சல் கண்டது. முழங்கைவரை வீங்கியது. கிடங்கு முதலாளி சாயபு கேள்விப்பட்டு வாசலுக்கே வந்துவிட்டார்.

"அரே, இன்னாப்பா பாத்துக்கினு நிக்கிற? என் ஜட்கா வண்டி நிக்குது. ஏத்து! ஜல்தி ஸ்டேஷனுக்குப் போ!" என்று மாமாவைப் பிடித்துத் தள்ளியிருக்கிறார். ரயிலில் காட்பாடி வந்து, அங்கிருந்து மறுபடி ஜட்கா பிடித்து அவர்கள் ஆஸ்பத்திரி வந்து சேர்ந்த செய்தி எனக்கு வந்தபோது நான் வகுப்பில் இருந்தேன். சொல்லிக்கொள்ளக்கூடத் தோன்றாமல் ஓடினேன்.

டாக்டரம்மா அக்காவின் கையைத் திருப்பிப் பார்த்தார். செருப்பின் அடித்தோல்போல இருந்த உள்ளங்கையை விரலால் மெல்லத் தட்டினார்.

"இதுக்கு என்ன செஞ்ச?"

"பட்டைத் தண்ணில ஊற வெச்சேம்மா."

"திரி எங்கே?"

"எடுத்துட்டேன். தொறந்து கெடந்தா அழுவுங்களே."

திட்டப்போகிறார் என்று நான் பயந்தேன். அவர் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு அக்காவின் முகத்துக்கு நேரே உட்கார்ந்தார்.

"பட்டைத் தண்ணில தோலைப் போடுதீங்களே, அது உசுரோட இருக்கிற தோலா?"

அந்தக் காய்ச்சலிலும் அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "உசுரோட இருந்தா எதுக்கும்மா பதம் பண்ணப் போறோம்? செத்த ஆட்டுத் தோலு அது."

"சரி. உன் கை செத்துப்போச்சா?"

அக்கா தன் கையைத் திருப்பிப் பார்த்தார். பிறகு, "இல்லம்மா. வலிக்குது" என்றார். குரல் இறங்கிப் போயிருந்தது.

"வலிக்குதுன்னா உசுரு இருக்கு. மேல மட்டும் இறுகிப்போச்சு. அடியில சீழுக்குப் போக வழி இல்ல, அதான் மேல ஏறுது. மறுபடியும் திறக்கணும். திறந்து பார்த்தபிறகு கையை எடுத்தாத்தான் உசுரு நிக்கும்னு தெரிஞ்சா எடுத்திருவேன். இப்பவே சொல்லிருதேன். அதுக்கு நீ சம்மதிக்கணும்."

ஒரு நர்சம்மா சம்மதக் காகிதமும் மையும் கொண்டுவந்தார்.

"கைய எடுக்கறதுக்குக் கைநாட்டா?" என்றார் அக்கா. "எந்தக் கையில வெக்கிறது?"

யாரும் சிரிக்கவில்லை. அவர் மாமாவைப் பார்த்தார். மாமா கட்டிலோரம் வந்து நின்றார்.

"கை போனாப் போவட்டும். நீ இரு. அது போதும் எனக்கு" என்றார். அவர் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை.

"கை போயிட்டா கொழம்பு யாரு வெக்கிறது? நீயா?"

"வெக்கிறேன்."

"உனக்கு உப்பு போடத் தெரியாதேய்யா."

இதைச் சொல்லிவிட்டு, இடது கட்டைவிரலை மையில் ஒற்றிக் காகிதத்தில் அழுத்தினார். அவரை உள்ளே கொண்டுபோனார்கள். கதவு மூடும்போது அந்த மயக்க மருந்தின் இனிப்பு வாடை வெளியே வந்தது. இன்றைக்கும் எங்காவது அதுபோன்ற வாடை பட்டால் என் கால்கள் தாமாக நடக்கத் தொடங்குகின்றன.

தாழ்வாரத்தில் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நடந்தேன். மாமா தூணோரம் குந்தி, தன் இரண்டு கைகளையும் மாற்றி மாற்றித் தேய்த்துக்கொண்டே இருந்தார். வாணியம்பாடியிலிருந்து மருமகளைக் கொண்டுவந்திருந்த ஒரு அம்மாள், புர்காவின் முகத்துணியை ஒதுக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். "அரே பேட்டா, உக்காரு. நீ வெளியே நடந்தா உள்ளே வேலை ஜல்தி முடிஞ்சிடுமா?" என்றார். உட்கார்ந்தேன். அவர் அந்தப் பக்கம் திரும்பியதும் எழுந்துவிட்டேன். அக்காவை உலக்கை இல்லாமல் நினைத்துப் பார்க்க முயன்றேன். முடியவில்லை. என் தலையை வாரிவிட்டது, எனக்குச் சோறு ஊட்டியது, பள்ளிக்கூடத்துக்கு இழுத்துப்போனது எல்லாம் அந்த ஒரு கைதான்.

டாக்டரம்மா வெளியே வந்தபோது அவர் முகம் வியர்த்திருந்தது.

"கை இருக்கு. ஆனா இன்னும் நிச்சயமாச் சொல்ல மாட்டேன். உள்ளங்கையிலயும் மணிக்கட்டுக்கு மேலயும் திறந்து விட்டிருக்கேன். எடுக்கிறது சுலபம். எடுத்தபிறகு திருப்பி வைக்க முடியாது. அதனால நாளைக் காலைவரைக்கும் பொறுத்துப் பார்க்கேன். அதுக்குள்ள வீக்கம் மேல ஏறுச்சுன்னா, என்னைக் குத்தம் சொல்லாதீங்க."

பொழுது சாயும்வரை அவர் எத்தனையோ தடவை வந்து கட்டுக்கு மேலே புஜத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார். ஒரு தடவை, வந்து போய் வாசல்படிகூட இறங்கியிருக்க மாட்டார், உடனே திரும்பி வந்து பார்த்தார். அன்று அந்தக் கட்டிடத்தில் நிலைகொள்ளாமல் தவித்தவன் நான் ஒருவன்தான் என்று அதுவரை நினைத்திருந்தேன். கத்தி பிடிக்கிறவர்களுக்கும் நெஞ்சு அடித்துக்கொள்ளும் என்று அன்று தெரிந்துகொண்டேன்.

காலையில் கட்டைப் பிரித்தார். முழங்கைவரை ஏறியிருந்த சிவப்பு கீழே இறங்கியிருந்தது. அவர் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார்: "இறங்குது."

இந்தத் தடவை அக்கா ஓடிவிடக்கூடாது என்றோ என்னவோ, கையைத் தூக்கிக் கட்டில் கம்பத்தில் துணியால் கட்டிவிட்டார்கள். வாரக்கணக்கில் அப்படித்தான் கிடந்தார். உட்காராத மனுஷி படுத்துக்கிடந்த காலம் அது. கால் மட்டும் போர்வைக்குள் ஆடிக்கொண்டே இருக்கும்.

"ஆட்ட உரிக்கத் தொங்கவுட்டா மாதிரி தொங்கவுட்டுட்டீங்களேம்மா" என்பார் அக்கா.

"ஆடு இவ்வளவு பேசாது" என்பார் டாக்டரம்மா, புண்ணிலிருந்து கண்ணை எடுக்காமல். தினமும் தானே வந்து, புண்ணின் வாய் மூடிக்கொள்ளாதபடி பார்த்துத் திரி மாற்றினார். அடியிலிருந்து, அரிசி மணி அளவு அரிசி மணி அளவாக, சதை வளர்ந்து மேலே வந்தது.

கை பிழைத்தது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மட்டும் மடங்கிய நிலையில் நின்றுவிட்டன. உலக்கை பிடிக்க முடியாது. வீட்டுக்கு வந்தபிறகும் பல நாள் கையைத் தூக்கி வைக்க வேண்டும் என்று சொல்லியிருந்ததால், மாமா அக்காவின் பழைய புடவையைக் கிழித்து, கூரையின் நடுக்கழியில் ஒரு தூக்குத்துணி கட்டினார். அதில் கையை மாட்டிக்கொண்டு நின்றபடியே அக்கா மாமாவுக்குக் குழம்பு வைக்கச் சொல்லிக்கொடுத்தார். "போடு. இன்னும் போடு. ஐயோ, போதும்யா! கடலையே கொட்டிட்டியே!" என்ற கூச்சல் தெருமுனைவரை கேட்கும்.

அதற்குப் பிறகு அக்கா எடுத்துக்கொண்ட வேலையை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். சம்பளமில்லாத வேலை. கிடங்கு கிடங்காகப் போய், "கையக் காட்டு" என்பார். காட்டாதவர்களின் கையைப் பிடித்து இழுத்துத் திருப்புவார். "இன்ஸ்பெக்டரம்மா வந்துட்டாங்கோ, எல்லாரும் கையக் காட்டுங்கோ" என்று சாயபு கேலி செய்வார். ஆனால் ஒரு நாளும் தடுத்ததில்லை. வீங்கிய விரலைக் கண்டுவிட்டால் அக்கா தன் மடங்கிய விரல்களை அவர்கள் முகத்துக்கு நேராக நீட்டுவார். "பாத்துக்க. பட்டைத் தண்ணி குடுத்த பரிசு. தொட்டியில போடறது செத்த தோலு. உன்னுது உசுரோட இருக்குது. கெளம்பு." அன்று கன்னத்தில் கைவைத்துக்கொண்ட அதே கொட்டகைத் தோழிக்கு விரல் வீங்கியபோது, அவர் வரமாட்டேன் என்று அழுது புரண்டார். அவர் சொந்தக்காரர்கள் அக்காவை வைதார்கள். அக்கா வாங்கிக்கட்டிக்கொண்டு, அவர்களோடு சண்டையும் போட்டுக்கொண்டு, மாமாவைத் துணைக்கு அழைத்துக்கொண்டு அவரை ரயிலேற்றினார். அந்த அம்மையார் இன்று பந்தியில் பரிமாறிக்கொண்டிருக்கிறார். அவர் விரல் பத்தும் மடங்கி நிமிர்கின்றன.

ரயிலுக்கு நேரம் இருக்கும்போதெல்லாம் கை நொந்தவர்களை எங்கள் வீட்டுத் தூக்குத்துணியில் கையை மாட்டி நிற்க வைப்பார். எத்தனை கை அதில் தொங்கியது என்று கணக்கு வைக்க அக்காவுக்குப் பொறுமை இல்லை.

போன வருடம் அவருக்கு மார்ச்சளி கண்டது. கேள்விப்பட்டு நான் ஓடிவந்தபோது மூச்சு இரைத்தது. உடனே வேலூர் கொண்டுபோனோம். அதே டாக்டரம்மா, தலை நரைக்கத் தொடங்கியிருந்தார், குழல் வைத்துக் கேட்டார். வேறு பெரிய டாக்டரையும் அழைத்துவந்து பார்க்கச் சொன்னார். பிறகு என்னைத் தாழ்வாரத்துக்குக் கூப்பிட்டார். "நுரையீரல் ரெண்டும் கட்டிக்கிடக்கு, தம்பி. கத்தி போற இடமா இருந்தா நான் பேசாம இருப்பேனா?" என்றார். மருந்து கொடுத்தார்கள். ஒத்தடம் கொடுத்தார்கள். நான் நம்ப மறுத்தேன். சென்னப்பட்டணம் கொண்டுபோகலாமா என்று கேட்டேன், அங்கே போனால் கத்தி வைப்பார்களா என்று கேட்டேன். அவர் இல்லை என்று தலையசைத்தார். இன்றும் சில சமயம், வேறு யாரையாவது கேட்டிருக்கலாமோ என்று எழுந்து நடக்கிறேன். போய்ச் சேர ஓரிடம் இல்லை.

அக்காவுக்குத் தெரிந்துவிட்டது. "கத்திக்கு வேலையில்லாத நோவு எனக்கு எதுக்குடா வந்துச்சு?" என்றார். கொஞ்சம் கழித்து, "மாமாவுக்கு உப்பு இன்னும் சரியா வரல" என்றார். மடங்கிய அந்தக் கை என் கையில் இருந்தது. கடைசிவரை அது அசைந்துகொண்டே இருந்தது.

காரியம் முடிந்து அவருடைய துணிமணிகளை எடுத்துக் கொடுத்தபோது, உறவினர் ஒருவர் கூரையில் தொங்கிய தூக்குத்துணியையும் அவிழ்க்கப் போனார். செத்தவர் புடவை வீட்டில் தொங்கக் கூடாது என்றார். மாமா எழுந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அது அவளுது இல்ல. தெருவுது" என்றார்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர். வண்டி கேட்கும்முன் வண்டி கொடுத்த சாயபு அவர்களுக்கும், அந்த வண்டியை ஓட்டியவருக்கும், வேலூரில் அக்காவுக்காக ஒரு நாள் முழுக்கத் தவித்த டாக்டரம்மாவுக்கும், திரி மாற்றிய நர்சம்மாக்களுக்கும், தாழ்வாரத்தில் என்னை உட்காரச் சொன்ன, பெயர் கேட்க மறந்துபோன வாணியம்பாடி அம்மாளுக்கும், இறுதி நாளில் தோள் கொடுத்த கிடங்குத் தோழர்களுக்கும், பட்டைக் கொட்டகைப் பெண்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. மாமாவுக்கு நன்றி எழுதினால் அவர் இந்த மலரைக் கையில் வாங்க மாட்டார். அதனால் எழுதவில்லை.

ஒரு வேண்டுகோள் மட்டும். கையில் சிராய் ஏறி வீங்கினால் பட்டைத் தொட்டிப் பக்கம் போகாதீர்கள். நேராக எங்கள் வீட்டுக்கு வாருங்கள். அந்தத் துணி இன்னும் நடுக்கழியில் தொங்குகிறது. காற்று வந்தால் ஆடிக்கொண்டிருக்கும். மாமா உங்கள் கையை அதில் தூக்கி வைத்துவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு உங்களை வேலூருக்குக் கூட்டிப்போகப் புறப்பட்டுவிடுவார். ரயிலுக்கு நேரம் இருந்தால் சோறு போடுவார். குழம்பில் உப்பு சற்றுக் கூடுதலாகத்தான் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.